பொரொராரி ஆற்று மலையிடுக்கு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்து தென் தீவின் மேற்குக் கரைக்கு வருகிற நம்மவர்கள் பலர் புனகைகியில் வண்டியை நிறுத்துவார்கள். தோசை அடுக்கிய மாதிரி இருக்கும் பான்கேக் பாறைகளை அரை மணி நேரம் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பொரொராரி ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் கரையோரமாக உள்ளே நடந்தால், இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், நடுவில் பனைமரமும் பெரணியும் மண்டிய மழைக்காடு. நான் கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பதால் ஆறேழு முறை அங்கே நடக்க வாய்த்தது. ஊரிலிருந்து உறவினர் வந்தாலும், நண்பர்கள் குடும்பத்தோடு கிளம்பினாலும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

1987-இல் அறிவிக்கப்பட்ட பாபரோவா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வெஸ்ட்போர்ட்டுக்கும் கிரேமவுத்துக்கும் நடுவே கடலை ஒட்டியே ஓடும் 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் புனகைகி வரும். கிரேமவுத்திலிருந்து வடக்கே சுமார் 45 கி.மீ. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் வழியாக வந்தால் நிற்காமல் ஓட்டினாலும் 4 மணி நேரம் பிடிக்கும். பொரொராரி ஆற்றுப் பாலத்தை ஒட்டி வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, தடம் அங்கேதான் ஆரம்பம். பெட்ரோலை கிரேமவுத்திலோ வெஸ்ட்போர்ட்டிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். புனகைகியை நம்பி வராதீர்கள்.

நடைக்கு நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் போக யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம்? பழக்கம் இல்லாதவர்களால் முடியுமா?

பாலத்திலிருந்து, உள்நாட்டுப் பாதை என்று சொல்லப்படும் இன்லாண்ட் பேக் டிராக்கை இந்தத் தடம் சந்திக்கும் இடம் வரை 3.5 கி.மீ. அவசரமில்லாமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம். அதே வழியில் திரும்பினால் மொத்தம் 7 கி.மீ. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அரை மணி நேரமாவது நடக்கிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

திரும்பி வராமல் வட்டமாகவும் போகலாம். சந்திப்பிலிருந்து தெற்கே திரும்பி, ஒரு மேட்டைத் தாண்டி, புனகைகி ஆற்றுப் பக்கம் இறங்கி, கடைசியில் நெடுஞ்சாலை வழியாக வண்டிக்கு வந்து சேர்கிற சுற்று அது. சுமார் 11 கி.மீ. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது, போன வழியிலேயே திரும்புங்கள் என்பதுதான். மலையிடுக்கின் அழகு முழுக்க முதல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. போகும்போது ஒரு பக்கத்துப் பாறையைப் பார்ப்பீர்கள், வரும்போது வெயில் நகர்ந்து மறு பக்கம் தெரியும். இரண்டும் ஒரே நடையாகவே தோன்றாது.

வயதான அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. தடம் நன்றாகப் போடப்பட்டது. பெரும்பாலும் சரளைக்கல், ஆங்காங்கே வேர்களும் ஈரப் பாறைகளும் சேறும் இருக்கும். தள்ளுவண்டி உருளாது, குழந்தையை முதுகில் சுமக்க வேண்டியிருக்கும். என் அம்மாவுக்கு அப்போது 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு கைத்தடியோடு முக்கால் மணி நேரம் உள்ளே வந்தார். ஒரு வளைவில் பாறைச்சுவர் திடீரென்று எதிரே எழுந்து நின்றது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, "இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும், இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அது போதும். இந்தத் தடத்தில் கடைசி வரை போனால்தான் பலன் என்று எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் தடம் ஆற்றுக்கு மேலே உயரமாகப் போகிறது, ஓரத்தில் கம்பி கிடையாது. ஓடுகிற வயதுக் குழந்தையின் கையை அங்கே விடாதீர்கள்.

மழைக்காடு என்றால் வெப்ப நாட்டில்தானே இருக்கும்? நியூசிலாந்தில் எப்படி?

மழைக்காட்டுக்கு முதல் தேவை மழைதான். வெப்பம் கட்டாயமில்லை. டாஸ்மன் கடலைத் தாண்டி வரும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து பாபரோவா மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கடலோரத்திலேயே ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை. மலைமேல் இன்னும் அதிகம். இதை மிதவெப்ப மழைக்காடு என்பார்கள்.

ஆனால் பார்த்தால் அப்படித் தோன்றாது. வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது பனைமரம். நீகாவ் என்று பெயர். நியூசிலாந்தின் முக்கியத் தீவுகளுக்கே உரிய ஒரே பனை இனம் இதுதான். பூமத்திய ரேகையிலிருந்து தெற்கே 42 டிகிரியில் பனை வளர்வது சாதாரண விஷயமில்லை. இந்தக் கரையில் கடல் குளிரைத் தணிக்கிறது, உறைபனி அபூர்வம், அதனால்தான் இது பிழைக்கிறது. மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். உதிர்ந்த ஒவ்வொரு மட்டையும் தண்டைச் சுற்றி ஒரு வளையத் தழும்பை விட்டிருக்கும். நம் ஊர்த் தென்னை மாதிரியேதான், ஆனால் இங்கே இடைவெளிகள் பச்சையாக இருக்கும். உச்சியில் மட்டைகள் விரியாமல் செங்குத்தாக நிற்பதால், கவிழ்த்துப் பிடித்த துடைப்பம் மாதிரி இருக்கும். அதன் சிவந்த பழங்களை விழுங்கி விதையைப் பரப்புவது கெரெரூ என்கிற பெரிய காட்டுப் புறா.

நீகாவோடு ரிமு, வடக்கு ராட்டா, கருத்த தண்டுள்ள மமாக்கு மரப்பெரணி எல்லாம் கலந்து நிற்கும். கோடையில் ராட்டா பூத்தால் பாறை உச்சியில் தீப்பிடித்த மாதிரி சிவப்புத் தெரியும். அந்த மரம் பெரும்பாலும் இன்னொரு மரத்தின் மேலே தொற்றி முளைத்து, வேரைக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு, பிறகு தானே பெருமரமாகிறது.

பாறைகள் ஏன் இப்படிச் செங்குத்தாக நிற்கின்றன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை. இது தெரிந்தால் நடையே மாறிவிடும்.

அந்தச் சுவர்கள் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில் உருவானவை. செத்த கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புத் துணுக்குகளும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலிருந்த பாரத்தில் இறுகிக் கல்லாயின. பிறகு நிலம் மெல்ல மேலெழுந்தது. இந்தத் தீவின் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஆல்பைன் பிளவில் இரண்டு நிலத்தட்டுகள் இடித்துக்கொண்டிருக்கின்றன, அந்த நெருக்கடிதான் காரணம். நிலம் உயர உயர, ஆறு அதே இடத்தில் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே வந்தது. ரம்பத்தை அசைக்காமல் பிடித்து, மரக்கட்டையை அதன் மேலே தூக்கிக்கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கல்லாக இருந்தால் மழையில் சரிந்து சரிவான பள்ளத்தாக்காகியிருக்கும். சுண்ணாம்புக்கல் வேறு மாதிரி. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாகக் காட்டு மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலத்தில் சுண்ணாம்புக்கல் கரையும். ஆனால் தண்ணீர் அதன் மேற்பரப்பில் ஓடுவதைவிட விரிசல்களுக்குள் இறங்குவதுதான் அதிகம். அதனால் மேல்முகம் பெரிதாகச் சரிவதில்லை. அடியில் ஆறு அரிக்கிறது, அரித்த இடத்துக்கு மேலே உள்ளது பாளம் பாளமாகப் பிளந்து விழுகிறது, சுவர் செங்குத்தாகவே மிஞ்சுகிறது. ஆற்றுக்கு நடுவே வீடு அளவுக்குக் கிடக்கும் பாறைகளில் பல அப்படி விழுந்தவைதான். சில சுவர்கள் தலைக்கு மேலே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த இடங்களில் வேகமாக நடந்து தாண்டிவிடுங்கள். பலத்த மழைக்குப் பிறகும் நிலநடுக்கத்துக்குப் பிறகும் கல் உதிர்வது சகஜம்.

கெட்டிலில் தண்ணீர் காய்ச்சக் காய்ச்சப் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கரைந்து போவது அங்கே திரும்பப் படிவதுதான். குகைகளில் தொங்கும் கல்விழுதுகளும் அதே கதை.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் புல்லக் க்ரீக் என்று ஓர் ஓடை. சுண்ணாம்புக்கல்லை எட்டியதும் தரைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. பூமிக்கடியிலேயே ஓடி கேவ் க்ரீக்கில் வெளியே வந்து பொரொராரியில் சேர்கிறது. நீங்கள் பார்க்கிற ஆற்றில் ஒரு பங்கு தண்ணீர் வெளிச்சமே படாமல் வந்தது.

ஆற்றுத் தண்ணீர் ஏன் டீ நிறத்தில் இருக்கிறது? அழுக்கா? குடிக்கலாமா?

அழுக்கில்லை. காட்டில் உதிர்ந்த இலைகளும் பட்டைகளும் ஊறி இறங்கும் டானின் அது. டீத்தூளில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான். கையில் அள்ளினால் தெளிவாக இருக்கும். ஆழமான மடுக்களில் பால் விடாத டீ மாதிரி கறுத்துத் தெரியும்.

அப்படியே குடிக்காதீர்கள். வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா இருக்க வாய்ப்புண்டு. வீட்டிலிருந்தே ஆளுக்கு ஒரு லிட்டர் கொண்டுவாருங்கள். குளிக்க நினைப்பவர்களுக்கு: நிறத்தால் ஆழம் ஏமாற்றும், தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். குதிக்க வேண்டாம், நடந்தே இறங்குங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

இங்கே பருவம் தலைகீழ், டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை. பகல் நீளம், ராட்டா பூக்கும், கூட்டமும் அதிகம். என் விருப்பம் ஜூன், ஜூலை. மேற்குக் கரையில் குளிர்காலத்தில் பல நாள் வானம் வெளுத்து அசையாமல் நிற்கும், தடத்தில் ஆளே இருக்காது. பகல் குறைவு என்பதால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை தொடர்ந்து தொல்லை கொடுக்கும்.

மேகமூட்டமான நாளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கொளுத்தும் வெயிலில் ஒரு சுவர் வெளுத்தும் எதிர்ச்சுவர் இருண்டும் போய், படம் சரியாக வராது. மூட்டமான நாளில்தான் பாசியின் பச்சை முழுதாகத் தெரியும்.

மழை வந்தால் என்ன செய்வது? ஆற்றைக் கடக்க வேண்டியிருக்குமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சந்திப்பு வரை போய்த் திரும்புகிற சாதாரண நடையில் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. தூறல் என்றால் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். பாறையெல்லாம் அருவி வழிந்து இன்னும் அழகாக இருக்கும். கனமழை எச்சரிக்கை இருந்தால் மட்டும் வேறு நாள் பாருங்கள். தடத்தில் மண்சரிவு நடப்பதுண்டு. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டோ, புனகைகி தகவல் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டோ கிளம்புங்கள்.

இன்லாண்ட் பேக் டிராக்கில் வடக்கே போகிறவர்கள், ஃபாக்ஸ் ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் கதை வேறு. அங்கே ஆற்றில் இறங்கியே ஆக வேண்டும், சில இடங்களில் ஆறுதான் பாதை. 19-ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் ஆற்றில் மூழ்கிச் சாவது அவ்வளவு சகஜமாக இருந்ததால், அதை 'நியூசிலாந்துச் சாவு' என்றே சொன்னார்கள். பாலங்கள் வந்த பிறகு குறைந்தது, நிற்கவில்லை.

ஒரு முறை நாங்கள் நாலு பேர் ஃபாக்ஸ் ஆற்றுக்குப் போயிருந்தோம். கடற்கரையில் நல்ல வெயில், முந்தின இரவு ஊரில் ஒரு சொட்டு மழையில்லை. முதல் துறைக்கு வந்தபோது தண்ணீர் பழுப்பிலிருந்து பாலாடைச் சாம்பலுக்கு மாறியிருந்தது. ஒரு குச்சியை எறிந்துவிட்டு அதோடு சேர்ந்து கரையில் நடந்து பார்த்தோம். குச்சி எங்களைத் தாண்டி ஓடிவிட்டது. அப்புறம் பேச்சை நிறுத்திக் கவனித்தபோதுதான் கேட்டது, தண்ணீருக்கடியில் கல்லோடு கல் மோதும் 'கடக், கடக்' சத்தம். காலுக்குக் கீழே தரையிலும் அதை லேசாக உணர முடிந்தது. மலைமேல் இரவு பெய்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பிவிட்டோம். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தது வீண் என்று ஒருவர் வருத்தப்பட்டார். மாலையில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்ததை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதனால் கணக்கு இதுதான். தண்ணீர் நீங்கள் நடக்கும் வேகத்தைவிட வேகமாக ஓடினால், நிறம் கலங்கியிருந்தால், கிளைகள் மிதந்து வந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்கக் கூடாது. நாலில் ஒன்று இருந்தாலும் கூடாது. தொடங்கும் இடத்து வானத்தைப் பார்க்காமல், ஆறு பிறக்கும் மலைமேல் என்ன முன்னறிவிப்பு என்று பாருங்கள். இந்த ஆறுகள் குட்டையானவை. ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும், பல நேரம் மறுநாள் காலை வரை காத்திருந்தாலே போதும். சுண்ணாம்பு இடுக்குக்குள் மாட்டிக்கொண்டால் ஏறித் தப்பிக்கக் கரை இருக்காது, சுவர்தான் இருக்கும். ஆழம் குறைந்து அமைதியாக ஓடும் நாளில் கடக்கும்போதும் தனித்தனியாக இறங்காமல் கைகோத்து வரிசையாக இறங்குங்கள். வலுவானவர் நீரோட்டம் வரும் பக்கம் நிற்கட்டும்.

பாம்பு, அட்டை, வேறு ஏதாவது?

நியூசிலாந்தின் நிலத்தில் பாம்பே கிடையாது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மனிதரைத் தாக்கும் காட்டு விலங்கும் இல்லை. காலில் ஏறும் அட்டைத் தொல்லையும் இந்தத் தடத்தில் நான் கண்டதில்லை.

செடிகளில் டுட்டு என்று ஒன்று உண்டு. கருமையான சிறு பழங்கள் கொத்தாகத் தொங்கும், கடும் விஷம். பெயர் தெரியாத எந்தப் பழத்தையும் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாண்ட்ஃபிளை அவ்வளவு மோசமா?

நின்றால் மோசம், நடந்தால் இல்லை. சின்னக் கறுப்பு ஈ, கடிப்பது பெண் மட்டும். ஓடும் தண்ணீரில் முட்டையிடுவதால் ஆற்றங்கரையில்தான் கூட்டம். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். சொறிந்தால் புண்ணாகும். கணுக்காலை மூடும் காலுறை, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, பூச்சிவிரட்டி மூன்றும் இருந்தால் சமாளிக்கலாம். இருட்டியதும் போய்விடும். சாப்பிட உட்காரும்போது காற்று வீசும் திறந்த இடமாகப் பாருங்கள்.

என்னென்ன பறவைகள் பார்க்கலாம்?

உங்களை முதலில் பார்க்க வருவது பிவகவக்கா என்கிற விசிறிவால் குருவி. நீங்கள் நடக்கும்போது கிளம்பும் பூச்சிகளுக்காகப் பின்னாலேயே வரும், அதை நட்பு என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லை. மணியடித்த மாதிரிக் குரல் கேட்டால் கொரிமாக்கோ அல்லது டூயீ. தலைக்கு மேலே 'வூஷ் வூஷ்' என்று கனத்த சிறகுச் சத்தம் கேட்டால் கெரெரூ.

வெக்கா பறக்காத பழுப்புப் பறவை, கோழி அளவு இருக்கும். தூக்கிக்கொண்டு ஓட எதுவாக இருந்தாலும் சரி அதற்கு. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று புதரிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. பிறகு சாவகாசமாக நடந்து வந்து சாவிக்கொத்து இருந்த துணிப்பையின் நாடாவைக் கவ்வியது. பையை மூடி வையுங்கள். உணவு போடாதீர்கள், அதற்கும் நல்லதில்லை.

வழியில் மரப்பெட்டிகள் தெரிந்தால் தொடாதீர்கள், ஸ்டோட் என்கிற கீரி மாதிரி விலங்கையும் எலிகளையும் பிடிக்கும் பொறிகள் அவை. பாலூட்டி வேட்டைக்காரர்களே இல்லாத நாட்டில் பரிணமித்த பறவைகள் இவை. தப்பிக்கத் தெரியாது. அந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் காடு ஊமையாகிவிடும். டாய்கோ என்கிற கடற்பறவை உலகிலேயே புனகைகியை ஒட்டிய மலைச்சரிவுகளில் மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது, அதுவும் குளிர்காலத்தில்.

என்ன போட்டுக்கொள்வது? பையில் என்ன வைப்பது?

பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி. ஈரச் சுண்ணாம்புக்கல் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைக்கோட்டு எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். மூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், இங்கே வெயில் தெரியாமலே தோலைச் சுட்டுவிடும். தண்ணீர், கொறிக்க ஏதாவது, சிறிய டார்ச். இதற்கு மேல் இந்த நடைக்குத் தேவையில்லை.

வேறொரு ஆற்றில் இறங்கிய காலணியோடு வந்திருந்தால் கழுவி, முழுக்கக் காயவைத்துவிட்டு வாருங்கள். டிடிமோ என்கிற பாசி 2004-இல் தென் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு துளி ஈரத்திலேயே ஆறு விட்டு ஆறு பரவும்.

பாலங்களில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, கட்டாயமா?

கட்டாயம். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் இந்தப் பூங்காவில் நடந்த ஒரு துயரம் இருக்கிறது. 1995 ஏப்ரல் 28 அன்று, கேவ் க்ரீக்கில் தண்ணீர் வெளியே வரும் இடத்தைப் பார்ப்பதற்காக அமைத்திருந்த மேடை பள்ளத்துக்குள் சரிந்து விழுந்தது. 13 மாணவர்களும் இயற்கைப் பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவரும் இறந்தார்கள். கட்டும்போது போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கக் காட்டுப் பாலங்களையும் மேடைகளையும் பொறியாளர்கள் சோதித்தார்கள், விதிகள் இறுகின. பலகையில் ஒருவர் என்று இருந்தால் ஒருவர்தான். குடும்பமாகப் படம் எடுக்க எல்லோரும் ஒன்றாக ஏறாதீர்கள்.

குகைகளுக்குள் நுழையலாமா?

வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். மழை பெய்தால் குகைக்குள் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஊருக்குள்ளேயே நெடுஞ்சாலை ஓரத்தில் புனகைகி கேவர்ன் என்று சிறிய குகை இருக்கிறது. டார்ச்சோடு போகலாம். இருட்டியபின் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றால் ஒளிப்புழுக்கள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். பூச்சிகளை இழுக்க ஒரு வகை ஈயின் புழு விடும் வெளிச்சம் அது. தொடாதீர்கள், வெளிச்சம் அடிக்காதீர்கள்.

நாய், டிரோன், சைக்கிள்?

நாய்க்கு அனுமதி இல்லை. டிரோனுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சைக்கிள் இந்த ஆற்றோரத் தடத்தில் கூடாது, ஆனால் சந்திப்பிலிருந்து தெற்கே போகும் பகுதியில் வருவார்கள், ஒதுங்கி வழிவிடுங்கள்.

போன் எடுக்குமா?

இடுக்குக்குள் எடுக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நீள நடை என்றால் அவசரச் சிக்னல் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. அவசர எண் 111.

இது பிடித்துவிட்டது. அடுத்து எங்கே நடப்பது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இன்லாண்ட் பேக் டிராக், சுமார் 25 கி.மீ. 1860-களில் தங்கம் தேடி வந்தவர்கள், அலை மோதும் ஆபத்தான கடற்கரையைத் தவிர்க்க உள்ளே போட்ட பாதை. சுமார் 100 மீட்டர் நீளத்துக்குப் பாறைக் கூரை விரிந்த 'பால்ரூம்' ஃபாக்ஸ் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. மேலே ஆற்றைப் பற்றிச் சொன்னதை மறக்காதவர்களுக்கு மட்டும் இது.

இன்னொன்று பாபரோவா டிராக், 55 கி.மீ. முழுமையாகத் திறந்தது 2020 மார்ச்சில். 2010 நவம்பர் 19 அன்று பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 29 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அமைத்த பாதை இது. பிளாக்பால் பக்கம் தொடங்கி மலை முகட்டில் நடந்து, மூன்றாம் நாள் பொரொராரி ஆற்றோரமாகவே இறங்கி வருவார்கள். தங்கும் குடில்களை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். உங்கள் நடையின்போது எதிரே பெரிய பையோடு, சேறு படிந்த காலோடு வருகிறவர்கள் அவர்கள்தான்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

இந்தப் பெயர்கள் நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியைச் சேர்ந்தவை. அதில் குறில் நெடில் உண்டு, எழுதியபடியே படிக்கலாம். நமக்கு அது கஷ்டமே இல்லை. ஆங்கில எழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். அந்த இடத்துக்கு உரியவர்கள் ங்காய் டஹு என்கிற மாவோரி இனக்குழுவைச் சேர்ந்த ங்காட்டி வயெவயெ மக்கள். அவர்கள் வைத்த பெயரைச் சரியாகச் சொல்ல முயலுங்கள், நம் பெயர்களைத் தப்பாகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று தெரியுமே.

ஓரிடத்தில் மட்டும் நின்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

முதல் அரை மணி நேரத்துக்குள், ஆற்றோரம் கூழாங்கல் திட்டு தெரிகிற ஓர் இடத்தில் இறங்குங்கள். குனிந்து கற்களைப் பாருங்கள். சுவர் முழுக்க வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லாக இருந்தும், காலடியில் கிடப்பவற்றில் பல அப்படி இருக்காது. உப்பும் மிளகும் கலந்து தூவிய மாதிரி வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே மின்னும் கற்கள் இருக்கும். கிரானைட். மேலே பாபரோவா முகட்டிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்தவை. சுண்ணாம்புக்கல் வழியிலேயே தேய்ந்தும் கரைந்தும் போய்விடுகிறது, இவை தாங்கி வந்து சேர்கின்றன. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், கோழிமுட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது. அதற்குள் சாண்ட்ஃபிளை உங்களைக் கண்டுபிடித்திருக்கும், கிளம்பி மேலே நடங்கள்.